எவிடன்ஸ் அண்ணையின் பாலுண்ணி

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த யுத்த நாட்களில் எதையும் லேசில் நம்பாத மனிதர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். காலம் அப்படி. ஆனால் தன்னுடைய கன்னத்தில் இருந்த பாலுண்ணி பூசிய மருந்தால்தான் விழுந்தது என்பதையே ஒத்துக்கொள்ள மறுத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் போடிங்கில், சாப்பாட்டோடு அறை வாடகைக்கு விடும் வீட்டில், என் அறைக்கு அடுத்த அறையில் இருந்தார்.

அம்மா அப்பா அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை நான் என் காதால் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் பொலிஸ் நிலையத்தில் வைத்து. மற்ற நேரமெல்லாம் எங்களுக்கு அவர் எவிடன்ஸ் அண்ணை. புறக்கோட்டைப் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை. கடை எரிந்துபோய்விட்டது என்று யாராவது வந்து அழுதால், "எரிஞ்சதுக்கு எவிடன்ஸ் இருக்கோ?" என்று கேட்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அலுவலக வேலையை அலுவலகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறுவார்கள். இவர் அதையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஒரு கல்யாணத் தரகர் நல்ல சம்பந்தம் ஒன்றோடு படியேறி வந்தார். "பிள்ளை தங்கமான குணம்" என்றார். "எவிடன்ஸ்?" என்றார் இவர். தரகர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதற்குப் பிறகு எங்கள் போடிங்கில் இருந்த மற்றக் கல்யாணமாகாத பையன்களுக்கும் சம்பந்தம் வரவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கை ஒரு சின்னச் சந்து. அதன் முனையில் நசீர் நானாவின் பலசரக்குக் கடை. "புதுச் சம்பா தம்பி, நேத்துத்தான் வந்தது" என்று நானா சொன்னால், எவிடன்ஸ் அண்ணை நாலு அரிசியை எடுத்து வாயில் போட்டுக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பின்னால் சனம் வரிசை கட்டும். "நம்மட கடைக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தா பயமில்ல, இவர் வந்தாத்தான் எனக்கு நெஞ்சு அடிக்குது" என்பார் நானா.

ஒரு நாள் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, "பேச்சுவார்த்தையாம்! சண்டை முடியப்போகுதாம்!" என்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம். எவிடன்ஸ் அண்ணை வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த ஒரு தடவை மட்டும் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

போடிங்கை நடத்தியவர் பூமணி அக்கா. காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. ஒழுங்கை முடிகிற இடத்தில் ரயில் பாதை. அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது அக்காவின் சமையலறைத் தட்டுகள் எல்லாம் சேர்ந்து தாளம் போடும். அக்காவுக்குத் தங்கமான மனம், அதற்குச் சரிசமமான வாய். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் பின் விறாந்தையில் பாயில் வரிசையாக இருத்தித்தான் பரிமாறுவார். அங்கே ஒரே ஒரு சட்டம்: பந்தியில் வஞ்சனை கூடாது. ஒருவருக்கு என்னவோ அதுதான் அடுத்தவருக்கும். பொரித்த மீன் ஒன்று குறைந்தால், இருக்கிற எல்லா மீனையும் உதிர்த்துத் தேங்காய்ப்பால் சொதிக்குள் போட்டுவிடுவார். அப்போது யாருக்குக் குறைந்தது என்று ஆண்டவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் பந்தியில் தினமும் ஒரு நாடகம் நடக்கும்.

"அக்கா, இது இண்டைக்குப் பிடிச்ச மீனோ?"

"ஓம் தம்பி."

"எவிடன்ஸ் இருக்கோ?"

"சாப்பிட்டுப்போட்டு நாளைக்கு உயிரோட எழும்பினீரெண்டால், அதுதான் எவிடன்ஸ்!"

இந்த நாலு வசனத்தையும் கேட்காமல் நாங்கள் சோற்றில் கை வைத்ததில்லை. தேவாரம் மாதிரிப் பழகிவிட்டது.

இனிப் பாலுண்ணிக்கு வருகிறேன். அது அவருடைய இடது கன்னத்தில், மூக்குக்குப் பக்கத்தில், நல்ல கொழுத்த மிளகு அளவில் இருந்தது. அவருடைய அடையாள அட்டைப் படத்தில் முதலில் தெரிவது அதுதான். அதற்குப் பிறகுதான் அவர் தெரிவார். சோதனைச் சாவடிகளில் பொலிஸ்காரர் படத்தைப் பார்ப்பார், பாலுண்ணியைப் பார்ப்பார், "யன்ன", அதாவது போ, என்று கையைக் காட்டுவார். எங்களை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது இவர் மட்டும் ராசா மாதிரி நடந்துபோவார்.

ஒரு நாள் பந்தியில் பூமணி அக்கா அந்தப் பாலுண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதுக்கு அம்மான்பச்சரிசிச் செடிப் பாலைப் பூசும். உதிர்ந்து விழுந்திடும். எங்கட ஊரில எத்தனை பேருக்கு நான் பூசி விட்டனான்."

எல்லோரும் கையை நிறுத்திவிட்டு எவிடன்ஸ் அண்ணையைப் பார்த்தோம். அவர் எங்களை ஏமாற்றவில்லை.

"எவிடன்ஸ் இருக்கோ அக்கா?"

"என்ர தங்கச்சிக்குக் கையில ஏழெட்டு இருந்தது. பூசினன். ஒண்டும் இல்லாமல் போச்சு. இதைவிட என்ன வேணும்?"

"அக்கா, கோவிக்காமல் கேளுங்கோ. பாலுண்ணி வைரஸால வாறது. அது வந்த மாதிரியே சொல்லாமல் கொள்ளாமல் தானாப் போறதும் உண்டு. அது போற நேரம் பாத்து நீங்கள் பாலைப் பூசினால், பேர் ஆருக்கு? பாலுக்கு! பூசாட்டிலும் போயிருக்குமோ எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போனது தானே? பிறகென்ன கதை?"

"பத்துப் பேர் வந்து சொன்னாலும் அது கதைதான் அக்கா. சனம் சொல்லுறது எவிடன்ஸ் இல்லை."

அக்கா அகப்பையை வைத்துவிட்டார். அக்கா அகப்பையை வைப்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. "அப்ப நீர் பூசிப் பாரும். விழுந்துதெண்டால், இந்தப் பந்தியில எல்லாருக்கும் முன்னால எழும்பி நிண்டு, பூமணி சொன்னது சரி எண்டு சொல்லவேணும்."

"சொல்லுறன். ஆனால் முறையாச் செய்து பாப்பம்."

அந்த 'முறையாக' என்ற சொல்தான் எங்கள் ஒழுங்கையைப் பிடித்து ஆட்டியது. அடுத்த நாளே அவர் காலி வீதியில் ஒரு தோல் டாக்குத்தரிடம் நம்பர் எடுத்து, நோயாளிகளோடு காத்திருந்து, உள்ளே போய், "பாலுண்ணி தானாகப் போகுமோ?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது, வேண்டுமென்றால் சுட்டு எடுத்துவிடலாம் என்று டாக்குத்தர் சொல்ல, சுட வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். பிறகு நூலகத்தில் போய் இருந்தார். இலைச்சாறு கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்லும் என்று ஏதோ புத்தகத்தில் இருந்ததாம். அதையும் அவர் விடவில்லை.

"கண்ணாடித் தட்டில செத்தது கன்னத்திலயும் சாகுமெண்டு ஆர் சொன்னது?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார். நான் அப்போது பல் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய திட்டம் இதுதான். ஒழுங்கையில் பாலுண்ணி உள்ள எல்லோரையும் சேர்ப்பது. பாதிப் பேருக்கு அம்மான்பச்சரிசிப் பால். மற்றப் பாதிப் பேருக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கிற, ஆனால் ஒன்றுக்கும் உதவாத ஏதாவது வெள்ளைத் தண்ணீர். யாருக்கு எது என்று பூசிக்கொள்பவருக்கும் தெரியக்கூடாது, அளந்து பார்க்கிற அவருக்கும் தெரியக்கூடாது. கடைசியில் மருந்து பூசியவர்களுக்கு மட்டும் கூடுதலாகக் குணம் வந்திருந்தால் அது மருந்தின் வேலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் அது சும்மா கதை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நான் அசந்துபோய்ச் சேர்ந்துவிட்டேன். எனக்கு முழங்காலில் இரண்டு இருந்தன.

நசீர் நானாவுக்கு வலது சுட்டுவிரலில். அவர் சீனி நிறுக்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் அந்த விரலைத்தான் பார்ப்பார்கள் என்ற கவலையில் அவரும் வந்தார். எதிர்வீட்டு சோமா நோனாவுக்கு முழங்கையில். நோனா சிங்களப் பெண்மணி. எங்களோடு வேலிக்கு மேலால் பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும், சண்டைக்கு மட்டும் சிங்களம். இன்னும் நாலைந்து வீட்டிலிருந்து கழுத்து, கை, கால் என்று வந்து சேர்ந்தார்கள். ஒரு சின்ன ஒழுங்கைக்குள் இவ்வளவு பாலுண்ணியா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நானாவின் பிஸ்கட் தகரத்துக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினோம். சிவப்புச் சீட்டு வந்தவர்களுக்கு மணிக்கட்டில் சிவப்பு நூல், நீலச் சீட்டு வந்தவர்களுக்கு நீல நூல். எனக்கும் நோனாவுக்கும் சிவப்பு. நானாவுக்கும் எவிடன்ஸ் அண்ணைக்கும் நீலம். சிவப்புக் குவளையில் மருந்தா, நீலக் குவளையில் மருந்தா என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்: பூமணி அக்காவுக்கு. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அவர்தான் தீர்மானித்தார். குவளைகளை நிரப்புகிற பொறுப்பும் அவருடையதுதான்.

"ஒண்டுக்கும் உதவாத வெள்ளைத் தண்ணிக்கு நான் எங்க போறது?" என்று அக்கா கேட்டார்.

"சொதிக்குப் பிழியிற ரெண்டாம் தேங்காய்ப்பால் போதும் அக்கா."

"என்ர சொதிப்பால் ஒண்டுக்கும் உதவாதோ?"

அதற்கு அவர் எவிடன்ஸ் கேட்காமல் விட்டது அவருடைய நல்ல காலம்.

அம்மான்பச்சரிசி என்பது யாரும் திரும்பிப் பார்க்காத சின்னச் செடி. தண்டை முறித்தால் வெள்ளையாகப் பால் துளிர்க்கும். மதில் வெடிப்பிலும் ரயில் பாதைக் கல்லுக்குள்ளும் தாராளமாக முளைத்துக் கிடந்தது. எவிடன்ஸ் அண்ணை பின்னேரத்தில் ஒரு சின்னப் போத்தலோடு பாதை ஓரம் குனிந்து குனிந்து நடப்பார். கொழும்பில் அந்தக் காலத்தில் ஒரு தமிழர் ரயில் பாதை ஓரம், கையில் போத்தலோடு, குனிந்து நடக்கலாமா? கடற்கரைக் காவலுக்கு நின்ற ஆமிப் பையன் துவக்கோடு வந்துவிட்டான். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மருந்து உண்டு, மருந்து இல்லை, சிவப்பு நூல், நீல நூல், தேங்காய்ப்பால் என்று விளக்கியிருக்கிறார். பாதியிலேயே அவன், "பிஸ்ஸு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பைத்தியம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு இவரைக் கண்டால் அவன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பின்னேரம் ஆனதும் பின் விறாந்தையில் எல்லோரும் இருப்போம். ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, அவரவர் நிறக் குவளையில் தோய்த்து, பாலுண்ணியில் மட்டும் வைக்க வேண்டும். "கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ! பட்டால் கண் கெட்டுப்போம்! சுத்தவர நல்ல தோலிலயும் படக்கூடாது, புண்ணாக்கிப் போடும்!" என்று அவர் கத்திக்கொண்டு திரிவார். பிறகு அடிமட்டத்தை வைத்து ஒவ்வொருவரையும் அளப்பார். கோயிலுக்குப் போனால் சனம் எங்கள் நூலைப் பார்த்து, "இது எந்தக் கோயில் நேர்த்தி?" என்று விசாரித்தது. நானாவிடம் பள்ளிவாசலில் என்ன கேட்டார்கள் என்பதை அவர் கடைசிவரை சொல்லவில்லை.

முதல் நாளே ஒரு பிரச்சினை. நானாவின் விரலில் எறும்பு.

"தம்பி, பாருங்க! எனக்குச் சொதிதான் பூசி இருக்கி! எறும்பே சாட்சி சொல்லுது!"

"எறும்பு எவிடன்ஸ் இல்லை நானா. உங்கட கடையில சீனி இருக்கு."

எவிடன்ஸ் அண்ணையின் கன்னத்திலேயே அப்போது ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதை அவர் தட்டிவிட்டு அடிமட்டத்தை எடுத்தார். அடுத்த நாளும் நீல நூல்காரர் எல்லோர் மேலும் எறும்பு. அதற்கடுத்த நாள் எறும்பைக் காணவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எறும்பு வந்தால் கேள்வி கேட்கிற மனிதருக்கு எறும்பு வராவிட்டால் கேட்கத் தோன்றவில்லை.

கொஞ்ச வாரங்கள் போயின. முதலில் நோனாவின் முழங்கை சுத்தமானது. பிறகு நானாவின் விரல். அவர் அதை எல்லா வாடிக்கையாளருக்கும் நீட்டிக் காட்டிச் சீனி நிறுத்தார். என் முழங்காலில் ஒன்று போய் ஒன்று பாதியாகியது. கடைசியாக ஒரு காலையில் குளியலறைக்குள் ஒரு சத்தம் கேட்டு ஓடினால், எவிடன்ஸ் அண்ணை முகத்தில் சவர்க்கார நுரையோடு தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறார்.

"என்னண்ணை, வழுக்கி விழுந்திட்டியளோ?"

"நான் விழேல்லை, பாலுண்ணி விழுந்திட்டுது! மிதிச்சுப் போடாதை! அதைத் தேடி எடுக்கவேணும்!"

காய்ந்து கறுத்துப் போயிருந்த பாலுண்ணி சவரக்கத்தி பட்டு விழுந்து, தண்ணீரோடு போய்விட்டது. அவருடைய கன்னம் எனக்கு யாரோ புது மனிதருடைய கன்னம் மாதிரித் தெரிந்தது. நான் சந்தோஷத்தில் அக்காவைக் கூப்பிடப் போக, அவர் என் கையைப் பிடித்துவிட்டார். "பொறு. நான் எந்தக் குவளை எண்டு தெரியாமல் சந்தோசப்பட ஏலாது."

முடிவு நாள் வந்தது. எல்லோரையும் அளந்து, கூட்டி, கழித்து, தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து நின்றார். "சிவப்புக்காரருக்கும் நல்ல சுகம். நீலக்காரருக்கும் அதேயளவு சுகம். வித்தியாசமில்லை. ஆனபடியால், பூமணி அக்கா, குறை நினையாதேங்கோ, அம்மான்பச்சரிசியும் ஒண்டுதான், சொதிப்பாலும் ஒண்டுதான். எவிடன்ஸ் இல்லை."

பூமணி அக்காவின் முகம் சிவந்தது. "சொதிப்பாலோ? ஆருக்கையா நான் சொதிப்பால் பூசினனான்? முதல் ரெண்டு நாளும்தான் நீலக் குவளையில சொதிப்பால். பிறகு ரெண்டு குவளையிலயும் மருந்துதான்!"

தூரத்தில் தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வருகிற சத்தம் கேட்டது.

"ஏன் அக்கா?" என்று கேட்டார் எவிடன்ஸ் அண்ணை.

"ஏனோ? ஒரு விறாந்தையில எல்லாரையும் வரிசையா இருத்திப்போட்டு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணியோ? நானாவின்ர விரலில எறும்பு ஊருது, உம்மட கன்னத்தில எறும்பு ஊருது, நான் மருந்தைப் பக்கத்தில வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதோ? பந்தி வஞ்சனை செய்து எனக்குப் பழக்கமில்லை!"

எவிடன்ஸ் அண்ணை கதிரையில் இருந்தார். இருந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி. ரயில் கடந்துபோக, தட்டுகள் எல்லாம் தாளம் போட்டு ஓய்ந்தன. உலகத்தில் எத்தனையோ விஞ்ஞானப் பரிசோதனைகள் எத்தனையோ காரணங்களுக்காகக் கெட்டிருக்கும். இரக்கம் தாங்க முடியாமல் கெட்டுப்போனது எங்களுடையது.

பந்தயத்தில் யார் வென்றது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் எழுந்து நின்று "பூமணி சொன்னது சரி" என்று சொல்லவும் இல்லை, அக்கா அதை விடவும் இல்லை. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தார்கள். பந்தியில் மீன் கேள்வி மட்டும் தவறாமல் நடந்தது, சுரத்தில்லாமல்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை நானும் அவரும் வேலைக்கு பஸ்ஸில் போனோம். காலி வீதியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். எவிடன்ஸ் அண்ணை பழைய ராச நடையில் போய் அட்டையை நீட்டினார். பொலிஸ்காரர் படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். படத்தில் கொழுத்த மிளகு. ஆளின் கன்னத்தில் ஒன்றுமில்லை.

அந்தப் பொலிஸ்காரருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. படத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "இது எங்க போச்சு?"

"விழுந்திட்டுது சேர்."

"எப்பிடி?"

உங்களையும் என்னையும் போன்ற ஒருவர் என்ன சொல்லியிருப்பார்? மருந்து பூசினேன், விழுந்தது. கதை முடிந்தது, பஸ் ஏறலாம். எவிடன்ஸ் அண்ணை கொஞ்சம் யோசித்தார்.

"அதுதான் தெரியேல்லை சேர். மருந்தால விழுந்ததோ, தானா விழுந்ததோ எண்டு சொல்ல எவிடன்ஸ் இல்லை."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, வெள்ளவத்தைக்குத் திரும்பி ஓடினேன். அந்தக் காலத்தில் இப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எல்லோரும் பின்னேரம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இது எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பூமணி அக்கா விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்தார். சேலையை மாற்றினார். "நூல் கட்டின எல்லாரையும் கூப்பிடு" என்றார். நானா கடைக் கதவை இழுத்துவிட்டு வந்தார். நோனா தலைமுடியைக் கொண்டையாக முடிந்துகொண்டே வந்தார். சிவப்பும் நீலமுமாக ஒரு கூட்டம் பொலிஸ் நிலையத்துக்குள் போனது. தமிழர்கள் கூப்பிடாமலே பொலிஸ் நிலையத்துக்குள் போனதை மேசையில் இருந்த சார்ஜன்ட் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

எவிடன்ஸ் அண்ணை ஒரு நீள மர வாங்கில் ஒடுங்கிப்போய் இருந்தார். சார்ஜன்ட் அவருடைய பெயரை அட்டையைப் பார்த்து வாசித்தபோது, யாரைச் சொல்கிறார் என்று எங்களுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பின்னேரம் ஒரு வாகனம் வரும், அதில் இவரை மேலிடத்துக்கு அனுப்பப்போகிறோம் என்றார் அவர். ஆள் மாறாட்டம் இல்லை என்று அதற்குள் தெரிய வேண்டும். எல்லாம் சிங்களத்தில், நோனாதான் எங்களுக்குச் சொன்னார்.

"சேர், இது எங்கட ஆள்" என்றார் அக்கா. "மூண்டு வருசமா என்ர கையால சாப்பிடுறார். பாலுண்ணி இருந்தது, மருந்து பூசினது, விழுந்தது. இவ்வளவு பேருக்கும் பூசினது. பாருங்கோ!"

நானா சுட்டுவிரலை நீட்டினார். நோனா முழங்கையை மடக்கி சார்ஜன்டின் மூக்குக்கு நேரே பிடித்தார். நான் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினேன். கழுத்துக்காரர் கழுத்தைக் காட்டினார். மூன்று வருடமாக உடுப்புக் காயப்போடும்போதெல்லாம் எதிர் மேல்மாடியில் அந்தப் பாலுண்ணியைப் பார்த்துத்தான் தன்னுடைய பொழுது விடிந்தது என்று நோனா சிங்களத்தில் ஒரு பிடி பிடித்தார்.

சார்ஜன்ட் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். வாங்கைப் பார்த்துத் திரும்பினார். "நீ சொல். அந்த மருந்தால்தான் உனக்குச் சுகம் வந்ததா?"

நோனா மொழிபெயர்த்தார். 'ஓம்' என்ற ஒரு சொல். அதைச் சொன்னால் போதும், வீட்டுக்குப் போகலாம். அக்காவின் உதடு அந்தச் சொல்லை அவருக்குப் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எவிடன்ஸ் அண்ணை அக்காவைப் பார்த்தார், சார்ஜன்டைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. பயம் இல்லாத மனிதர் இல்லை அவர்.

"சொல்ல ஏலாது சேர்" என்றார். "ரெண்டு குவளையிலயும் மருந்து கலந்து போச்சு. மருந்து பூசாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை. அப்ப எதோட ஒப்பிட்டுப் பாக்கிறது? திருப்பி முறையாச் செய்தால்தான் தெரியும்."

"ஐயோ!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இஞ்சையும் வந்து என்ர குவளையைத்தான் பிழை சொல்லுறீரோ?"

"உண்மையைத்தானே அக்கா சொன்னனான்? நீங்கள் சொதிப்பாலை மாத்தாமல் விட்டிருந்தால்..."

"எறும்பு ஊர ஊர விட்டிருக்கவேணுமோ?"

"ஓம்! அதுதான் முறை!"

"முறையோ? உம்மட முறையைக் கொண்டுபோய் உம்மட கம்பனியில வையும்! என்ர விறாந்தையில ஒருத்தருக்கு ஒண்டு, மற்றவருக்கு ஒண்டு இல்லை!"

பொலிஸ் நிலையத்தின் நடுவில், துவக்கோடு நின்றவர்களுக்கு முன்னால், இரண்டு பேரும் தேங்காய்ப்பாலுக்குச் சண்டை பிடித்தார்கள். நோனா ஒரு வசனம் விடாமல் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார், தன் பங்குக்குக் கொஞ்சம் காரமும் சேர்த்து. சார்ஜன்டின் மீசை முதலில் அசைந்தது. பிறகு தோள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

சிரித்து முடித்து, அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. "இந்த இடத்தில் நான் எதைக் கேட்டாலும் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள்" என்றார். "வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்தும் தெரியாது என்று சொன்ன ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன். பொய்க்காரனுக்கு இது வராது. கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் புதுப் படம் எடுக்கச் சொல்லுங்கள்."

காலி வீதியில் நடந்து வந்தோம். வெயில் சுட்டது. கொஞ்சத் தூரம் போனதும் எவிடன்ஸ் அண்ணை மெதுவாகக் கேட்டார்: "அக்கா, எல்லாருமா ஏன் வந்தனீங்கள்? உங்களையும் பிடிச்சு வச்சிருந்தால் என்ன செய்யிறது?"

"உமக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டோ?" என்றார் அக்கா. "கெதியா நடவும். மீன் பழுதாப்போகும்."

நானா தன் கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். தூசி என்றார். நான் எவிடன்ஸ் கேட்கவில்லை.

அன்று இரவு வழக்கம் போலப் பந்தி. நானாவையும் நோனாவையும்கூட அக்கா இருத்திவிட்டார். சோறு விழுந்தது, சொதி விழுந்தது, எல்லோருக்கும் ஒரே அளவு பொரித்த மீன். எவிடன்ஸ் அண்ணையின் தட்டுக்கு முன்னால் வந்ததும் அக்கா நின்றார். அவரே தொடங்கினார்: "இது இண்டைக்குப் பிடிச்ச மீன் தம்பி."

நாங்கள் எல்லோரும் சோற்றில் கை வைக்காமல் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தோம்.

"ஓம் அக்கா, நீங்கள் சொன்னால் சரி" என்று சொல்லிவிட்டு, அவர் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

அக்கா திரும்பிச் சமையலறைக்குள் போனவர் கனநேரம் வெளியே வரவில்லை. உண்மையைச் சொன்னால், அன்று அக்காவுக்குச் சந்தைக்குப் போக நேரமிருக்கவில்லை, அந்த மீன் முந்தின நாள் மீன். பழசான மணம் எல்லோருக்கும் மணத்தது, அவருக்கும் மணத்திருக்கும். ஆனால் அன்று அந்தப் பந்தியில் ஒருவர் தட்டிலும் முள்ளைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை.